நிலைமின் ஸ்பீக்கரும் அதன் 'டிக் டிக்' சத்தமும்

பாட்டை நிறுத்தியாகிவிட்டது. ஆம்ப்ளிபயரையும் அணைத்தாகிவிட்டது. அறையில் மின்விசிறி கூட ஓடவில்லை. ஆனாலும் மூலையில் நிற்கும் ஸ்பீக்கரில் இருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் 'டிக்'. பிறகு 'ஸ்ஸ்ஸ்' என்று மெல்லிய சீறல்...

பேய்க் கதை இல்லை. நிலைமின் ஒலிபெருக்கி (எலக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கர்) வைத்திருப்பவர்கள் பலர் என்றாவது ஒரு நாள் கேட்கும் சத்தம்தான். நம் வீட்டு ஸ்பீக்கர் இப்படித் தானாகப் பேசாது. ஆம்ப்ளிபயரை அணைத்தால் அது வெறும் காந்தமும் கம்பிச்சுருளும் காகிதக் கூம்பும்தான். நிலைமின் ஸ்பீக்கர் அப்படி இல்லை. அதற்கென்று தனியாக ஒரு பிளக் உண்டு, அதை சுவரில் சொருகி வைத்தே ஆக வேண்டும். பாட்டு ஓடாதபோதும் அதற்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் காத்துக்கொண்டிருக்கும்.

அது எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். +2 இயற்பியலில் நிலைமின்னியல் படித்தவர்களுக்கு இது சுலபம். துளைகள் போட்ட இரண்டு தகடுகள். நடுவில் தலைமுடியை விட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். படலத்துக்கு மாறாத உயர் மின்னழுத்தம் கொடுத்து அதில் மின்னூட்டத்தை ஏற்றி வைக்கிறார்கள். இசை சிக்னலை ஒரு டிரான்ஸ்பார்மர் மூலம் பெரிதாக்கி, இரு தகடுகளுக்கும் எதிரெதிராகக் கொடுக்கிறார்கள். ஒரு தகடு படலத்தை இழுக்கும்போது மற்றது தள்ளும். அவ்வளவுதான், படலம் அதிர்கிறது, பாட்டு கேட்கிறது. ஒரு பெரிய மின்தேக்கி பாடுகிறது என்று சொன்னாலும் தப்பில்லை.

படலத்துக்கு எடை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. அதனால் சிக்னல் நின்ற உடனே அதுவும் நிற்கும். குரலும் வயலினும் இதில் அவ்வளவு தெளிவாகக் கேட்பதற்கு இதுதான் காரணம். ஆனால் ஒரு சிக்கல். சத்தம் போதுமான அளவு வர வேண்டுமானால் மின்னழுத்தம் அதிகமாக இருக்க வேண்டும், இடைவெளி குறைவாக இருக்க வேண்டும். காற்றோ ஒரு மில்லிமீட்டருக்கு சுமார் 3000 வோல்ட் வரைதான் தாங்கும். அதைத் தாண்டினால் பொறி பறக்கும்! இந்த எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம் என்பதுதான் இந்த ஸ்பீக்கரின் மொத்த வரலாறும்.

1920களில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர் நல்ல ஒலிபெருக்கி எது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். நிலைமின் முறையையும் பரிசீலித்தார்கள். கடைசியில் 1925ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை கம்பிச்சுருளும் கூம்பும் கொண்ட ஸ்பீக்கரைத்தான் முன்வைத்தது. இன்று டீக்கடை ரேடியோவில் இருந்து சினிமா தியேட்டர் வரை இருப்பது அதன் வாரிசுதான். கெல்லாக் நிலைமின் முறையை அத்தோடு விட்டுவிடவில்லை என்பது வேறு விஷயம். 1934ல் அதற்கு ஒரு காப்புரிமை வாங்கினார். ஆனால் அந்தக் காலத்தில் லேசாகவும் உறுதியாகவும் இருக்கக்கூடிய படலமே கிடையாது. யோசனை இருந்தது, பொருள் இல்லை.

பொருள் 1950களில் வந்தது. மைலார் போன்ற பாலியெஸ்டர் படலங்கள் கடைக்கு வந்தன. அதே சமயத்தில் ஹார்வர்டில் பேராசிரியர் பிரெடரிக் ஹண்ட் இந்த ஸ்பீக்கரின் கணிதத்தை ஒழுங்குபடுத்தி 1954ல் புத்தகமாகவே போட்டார். அவரோடு வேலை செய்த ஆர்தர் ஜான்சென் அதை வியாபாரப் பொருளாக்கினார். பொறிக்கு ஜான்சென் கண்ட வழி நேரடியானது: தகடுக்குப் பதிலாக மேலே பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிகளை வரிசையாகக் கட்டினார். பொறி கிளம்ப வேண்டுமானால் காற்றை மட்டுமல்ல, உறையையும் துளைக்க வேண்டும்.

இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் இன்னொரு பக்கம் இருந்து வந்தார். 1936ல் அவர் ஆரம்பித்த நிறுவனம், போரில் லண்டனில் குண்டு விழுந்ததால் ஹன்டிங்டன் என்ற சின்ன ஊருக்குக் குடிபெயர்ந்தது. குவாட் என்ற பெயரில் ஆம்ப்ளிபயர்கள் செய்து விற்றது. 1947ல் வந்த புகழ்பெற்ற வில்லியம்சன் ஆம்ப்ளிபயரை வடிவமைத்த டி.டி.என். வில்லியம்சனும் வாக்கரும் சேர்ந்து நிலைமின் ஸ்பீக்கரை ஆராய்ந்தார்கள். 1955ல் வாக்கர் 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் இது பற்றி விரிவாக எழுதினார். 1957ல் குவாட் நிலைமின் ஸ்பீக்கர் விற்பனைக்கு வந்தது. பார்க்க ஒரு ரூம் ஹீட்டர் மாதிரியே இருக்கும். 1985 வரை தயாரித்தார்கள்.

இதில் ஒரு அழகான விஷயம் இருக்கிறது. படலத்தின் மேல் ஒரு பூச்சு பூசுவார்கள், மின்னூட்டம் பரவுவதற்காக. நன்றாகக் கடத்தும் உலோகத்தைப் பூசினால் என்ன ஆகும்? படலம் ஒரு தகடுக்குப் பக்கத்தில் போகும்போது மின்னூட்டம் எல்லாம் அங்கே ஓடிக் குவியும், விசை தாறுமாறாக மாறும், இசை சிதையும். அதனால் மிக மிக மோசமாகக் கடத்தும் பூச்சைப் பூசினார்கள். மின்னூட்டம் நகர வினாடிக் கணக்கில் ஆகும், இசையோ வினாடியில் நூற்றில் ஒரு பங்கில் மாறிவிடுகிறது. எனவே மின்னூட்டம் இருந்த இடத்திலேயே இருக்கும், சிதைவும் போய்விடும். இது ஒலித் தரத்துக்காகக் கண்டுபிடித்த வைத்தியம். ஆனால் அதே பூச்சு பொறிக்கும் மருந்தாக அமைந்துவிட்டது! எங்காவது பொறி கிளம்பினால் அந்தப் புள்ளியைச் சுற்றி இருக்கும் கொஞ்சம் மின்னூட்டம்தான் அதில் போகும். மொத்தமும் பாய்ந்து படலத்தில் ஓட்டை போடாது.

சும்மா இருக்கும்போது கேட்கிற அந்த 'டிக்' பெரும்பாலும் இதுதான். தூசி ஒரு துணுக்கு உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். பழைய பிக்சர் ட்யூப் டிவியின் கண்ணாடியில் தூசி எப்படி ஒட்டும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும், உயர் மின்னழுத்தம் தூசியை வலிய அழைக்கும். அந்தத் துணுக்கு வழியாக மின்னூட்டம் கசிந்து தகடுக்குத் தாவும். மறுபடி ஏற சில வினாடி ஆகும், மறுபடி தாவும். ஈரமான நாட்களில் இது அதிகம். இதைத் தடுக்கத்தான் முன்னும் பின்னும் மெல்லிய தூசி உறைகளை இழுத்துக் கட்டினார்கள். அந்த உறை தொய்ந்தாலோ கிழிந்தாலோ அதுவே ஒரு புதுச் சத்தம். சில குறிப்பிட்ட சுருதிகளில் மட்டும் 'டர்ர்' என்று அதிரும்! மருந்தே வியாதியான கதை.

ஆனால் இன்னொரு வகைப் பொறி உண்டு. அது விளையாட்டில்லை. படலத்தின் மின்னூட்டத்தால் வருவதல்ல அது, ஆம்ப்ளிபயர் தரும் சக்தியால் தகடுக்கும் தகடுக்கும் நடுவே, படலத்தைத் துளைத்துக்கொண்டு பாய்வது. இதற்குப் பூச்சின் பாதுகாப்பு கிடையாது. குவாட் ஸ்பீக்கர் பிறந்தபோது அதன் ஜோடி 15 வாட் வால்வு ஆம்ப்ளிபயர். அதனால் பெரிதாகப் பிரச்சினை இல்லை. பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. நூறு வாட், இருநூறு வாட் என்று ஆம்ப்ளிபயர்கள் வளர்ந்தன. ஆர்வக் கோளாறில் வால்யூமைத் திருகியவர்களின் ஸ்பீக்கரில் நடுவில் இருக்கும் உயர் சுருதிப் பகுதிதான் முதலில் கருகியது. 1975ல் குவாட் நிறுவனமே வெளியிட்ட 405 நூறு வாட் ஆம்ப்ளிபயர். அதை இந்த ஸ்பீக்கரோடு இணைக்க மின்னழுத்தத்தை மட்டுப்படுத்தும் ஏற்பாடு தேவைப்பட்டது. சொந்தப் பிள்ளைகளுக்குள்ளேயே சண்டை!

கனடாவில் டேட்டன் ரைட் என்ற நிறுவனம் 1970களில் செய்ததைக் கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் யோசித்தால் புத்திசாலித்தனம். காற்றுதானே தாங்க மாட்டேன் என்கிறது, காற்றையே எடுத்துவிட்டால்? ஸ்பீக்கரின் உள்பகுதியை ஒரு மெல்லிய பைக்குள் வைத்து மூடி, சல்பர் ஹெக்சாபுளோரைடு வாயுவை நிரப்பினார்கள். மின்வாரியத்தின் உயர் அழுத்த ஸ்விட்ச் கியர்களில் பொறியை அடக்கப் பயன்படும் அதே வாயு. மின்னழுத்தத்தைக் காற்றில் முடியாத அளவுக்கு ஏற்ற முடிந்தது. வாயு மெல்லக் கசிவதுதான் தொல்லை. அவ்வப்போது நிரப்ப வேண்டும்.

வாக்கரின் பதில் வேறு மாதிரி. 1963ல் அடுத்த ஸ்பீக்கருக்கான வேலையைத் தொடங்கி, 1981ல்தான் வெளியிட்டார். பதினெட்டு வருடம்! பெயர் இ.எஸ்.எல்.-63. (அது வந்த பிறகுதான் பழையதை '57' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.) இதன் தகடுகளை வட்ட வளையங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வளையத்துக்கும் சிக்னலைச் சிறிது சிறிதாகத் தாமதப்படுத்தி, ஒலி பின்னால் உள்ள ஒரு புள்ளியில் இருந்து வருவது போலச் செய்தது ஒரு பெரிய சாதனை. அது தனிக் கட்டுரைக்கான விஷயம். இங்கே கவனிக்க வேண்டியது அதன் காவல்காரன். பொறி பறந்தால் ரேடியோ அலைகள் கிளம்பும் இல்லையா? இடி இடிக்கும்போது ரேடியோ கரகரப்பதும் இதனால்தான். ஸ்பீக்கருக்குள் ஒரு கம்பியை ஆன்டெனாவாக ஓட்டி, காற்று அயனியாகத் தொடங்கும் அந்த நொடியிலேயே ரேடியோ இரைச்சலைப் பிடித்து, உள்ளே வரும் சிக்னலைக் குறுக்குச் சுற்றாக்கி நிறுத்திவிடும் ஒரு சர்க்யூட்டை வைத்தார்கள். ஐம்பது வருடமாக எல்லோரும் பயந்து ஓடிய சத்தத்தையே காவலுக்கு நிறுத்திய மாதிரி.

ஆனால் காலத்துக்கு எந்தக் காவலும் இல்லை. 63ல் தகடுகளை ஒட்டியிருந்த பசை வருடங்கள் போகப் போக விட்டுப்போனது. விட்ட இடம் 'டர்ர்' என்கிறது. 57ல் உயர் மின்னழுத்தம் தயாரிக்கும் பகுதியை மெழுகில் பொதிந்து வைத்திருப்பார்கள். அது பழசானால் மின்னழுத்தம் குறைந்து ஒலி மங்கும், கசிந்தால் சீறும்.

பழுது பார்க்கிறவர்கள் அதனால் முதலில் காதைத்தான் தீட்டிக்கொள்கிறார்கள். ஆம்ப்ளிபயரில் இருந்து வரும் ஒயரைக் கழற்றிய பிறகும் சத்தம் நிற்கவில்லையா? குற்றவாளி ஸ்பீக்கர்தான். விடாமல் 'ம்ம்ம்' என்று அடியில் இருந்து வந்தால் மின் டிரான்ஸ்பார்மரின் தகடுகள் தளர்ந்திருக்கலாம். விடாத சீறல் என்றால் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் பார்ப்பார்கள். கூர்மையான விளிம்பில் மின்னூட்டம் கசியும் இடத்தில் மங்கலான நீல ஒளி தெரியும், ஓசோன் வாடையும் வரும். விட்டு விட்டு 'டிக்' என்றால் தூசி. குறிப்பிட்ட சுருதியில் மட்டும் அதிர்ந்தால் உறை, வலை அல்லது பசை. உரத்த இடத்தில் 'பட்' என்று வெடித்தால் உடனே வால்யூமைக் குறைக்க வேண்டும், அது ஆம்ப்ளிபயரின் பொறி.

இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்க்ரூ டிரைவரோடு கிளம்பிவிடக் கூடாது. 57ன் தாழ் சுருதிப் பகுதியில் சுமார் 6000 வோல்ட், 63ல் 5000க்கும் மேல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே வடிந்துவிடாது.

வாக்கர் 2003ல் காலமானார். நிறுவனம் அதற்கு முன்பே, 1990களில் கைமாறிவிட்டது. ஆனால் 57களையும் 63களையும் பிரித்து, புதுப் படலம் இழுத்துக் கட்டி, பூச்சு பூசித் தருகிறவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்னும் இருக்கிறார்கள். 63ஐத் திறந்தவுடன் அவர்கள் பார்ப்பது உயர் மின்னழுத்த பலகையில் இருக்கும் ஒரு சின்ன நியான் விளக்கை. அது நிதானமாகக் கண் சிமிட்டினால் படலங்கள் நலம். படபடவென்று சிமிட்டினால் எங்கோ மின்னூட்டம் கசிகிறது. அப்போது ஒவ்வொரு பேனலாகக் கழற்றிவிட்டு, எதைக் கழற்றியதும் சிமிட்டல் நிதானமாகிறது என்று பார்ப்பார்கள்.