புதுச்சேரியிலிருந்து நீலகிரி வரை: ஒரு மலைப்பாதையின் கதை

புதுச்சேரி என்றதும் கடற்கரையும் பிரெஞ்சுத் தெருக்களும்தான் நினைவுக்கு வரும். ஊட்டி என்றதும் நினைவுக்கு வருபவர் ஜான் சல்லிவன். இந்த இரண்டு ஊர்களையும் இணைக்கும் ஒரு மனிதர் இருக்கிறார். பெயர் லெஷெனோ தெ லா தூர்.

இவர் பிரான்ஸ் நாட்டுத் தாவரவியலாளர். 1816-ல் பிரெஞ்சு அரசு இவரை இந்தியாவுக்கு அனுப்பியது. ஆங்கிலேயர் வசம் இருந்த புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்ப வந்ததும் அதே ஆண்டில்தான். செடிகளையும் விதைகளையும் சேகரிப்பது இவருடைய வேலை. புதுச்சேரியிலிருந்து ரெயூனியன் தீவுக்குக் கரும்பு, பருத்தி வகைகளையும் அனுப்பினார்.

அப்போது கோயம்புத்தூர் கலெக்டராக இருந்தவர் சல்லிவன். 1818-ல் அவருடைய உதவியாளர்கள் விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் நீலகிரி மலை ஏறித் திரும்பினார்கள். 1819 ஜனவரியில் சல்லிவனே ஏறினார். அதே ஆண்டில் லெஷெனோவும் ஏறினார். அப்போது அவர் உடல்நலம் குன்றியிருந்தார். மலைக் குளிரில் சில நாட்கள் தங்கியதும் தேறிவிட்டார்! நீலகிரி நோயாளிகளுக்கு ஏற்ற இடம் என்று சென்னை அரசிடம் வாதாடிக்கொண்டிருந்த சல்லிவனுக்கு இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

அன்று மலைக்குச் சாலை கிடையாது. சிறுமுகையிலிருந்து கோத்தகிரி அருகே உள்ள திம்பட்டி வரை முதல் சாலையை மெக்ஃபர்சன் என்ற ராணுவ அதிகாரி 1821-ல் தொடங்கி 1823-ல் முடித்தார். அதற்கு முன்பு இருந்தவை ஒற்றையடிப் பாதைகளே. சமவெளியிலிருந்து கோத்தகிரிக்குப் போக சுமார் 1,800 மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டும். காட்டைத் தாண்டினால் படுகர்களின் ஊர்களான ஹட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

ஆனால் இந்தப் பாதைகளை வெள்ளைக்காரர்கள் 'கண்டுபிடித்தார்கள்' என்று சொல்வது சரிதானா? படுகர்கள் தானியம் விளைத்தார்கள். கோத்தர்கள் இரும்புக் கருவிகளும் பானைகளும் செய்தார்கள். தோடர்கள் எருமை வளர்த்து நெய் கொடுத்தார்கள். காட்டுப் பொருட்கள் குறும்பர்களிடமிருந்து வந்தன. பணமில்லாமல் நடந்த இந்தப் பண்டமாற்றுக்காகவே ஊருக்கு ஊர் பாதைகள் இருந்தன. கலெக்டரும் தாவரவியலாளரும் நடந்தது அந்தத் தடங்களில்தான்.

பிறகு எல்லாம் மாறியது. 1822-ல் சல்லிவன் உதகையில் தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் விலையில் நிலம் வாங்கிக் கல் வீடு கட்டினார். நிலத்தின் மேல் தோடர்களுக்கு உரிமை உண்டு என்று அரசிடம் வாதாடியவரும் அவர்தான். மேய்ச்சல் நிலம் விற்பனைப் பொருளாக மாறத் தொடங்கியது அங்கேதான். பின்னாளில் புல்வெளிகள் தோட்டங்களாகவும் யூகலிப்டஸ் காடுகளாகவும் ஆயின.

லெஷெனோ 1822-ல் பிரான்ஸ் திரும்பி, 1826-ல் இறந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையில் பூக்கும் ஒரு வெள்ளைக் காசித்தும்பை வகைக்கு அவர் பெயர் இருக்கிறது. புதுச்சேரியில் கிடைத்த மாதிரியை வைத்து 1820-ல் விவரிக்கப்பட்ட பழந்தின்னி வௌவால் ஒன்றுக்கும் அவர் பெயர்தான்.

சல்லிவன் தங்கிய கன்னேரிமுக்கு பங்களா இன்று நினைவகமாக இருக்கிறது. அவருக்கும் லெஷெனோவுக்கும் முன்பே நடந்து நடந்து அந்தப் பாதையை உண்டாக்கியவர்களின் பெயர்கள் மட்டும் எங்கும் பதிவாகவில்லை. அடுத்த முறை கோத்தகிரி போகும்போது அவர்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாமே!