சென்ட்டும் கிரவுண்டும்: புரொபேட்டுக்குப் பின் ஒரு திருத்தம்

போன வாரம் கிழக்குத் தாம்பரத்தில் காலை நடையின்போது நண்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்: "சார், அண்ணன் உயிலுக்குப் புரொபேட் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. ஒரு மனையின் மதிப்பைக் குறைத்து எழுதிவிட்டோம் என்று இப்போதுதான் தெரிந்தது. வெளியே சொன்னால் புரொபேட்டே போய்விடுமா?" அவருக்குச் சொன்ன பதிலைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். நம் வயதுக்காரர்களுக்கு உயில் என்பது பேசித் தீரவேண்டிய விஷயம்தானே.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுச் சட்டப்படி, ஒருவர் கண்மூடிய கணமே சொத்து வாரிசைச் சேர்ந்துவிடும் என்றுதான் எங்களுக்குத் தெரியும். பத்திரம் என்றால் நொத்தேர், அவ்வளவுதான். சென்னைப் பக்கம் குமாஸ்தா வேலைக்கு வந்த பிறகுதான், செத்தவர் எழுதிய உயிலைக் கோர்ட்டில் மெய்ப்பித்து முத்திரை வாங்கவேண்டும் என்ற ஆங்கில வழக்கம் புரிந்தது.

அந்த வழக்கம் சென்னைக்கு மிகப் பழையது. 1726-ஆம் ஆண்டு சாசனப்படி அமைந்த மேயர் கோர்ட்டுக்கே புரொபேட் தரும் அதிகாரம் இருந்தது. 1862-இல் உயர் நீதிமன்றம் வந்தபோது அந்த அதிகாரம் அதன் கைக்கு வந்தது. 1870-இல் வந்த இந்து உயில் சட்டம், அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் சென்னை நகர எல்லைக்குள் இந்துக்கள் எழுதும் உயில்களையும் இதற்குள் கொண்டுவந்தது. எல்லைக்கு வெளியே எழுதினாலும், உள்ளே இருக்கும் வீடு, மனைக்கு அதே விதிதான். 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டமும் இதையே எடுத்துக்கொண்டது.

தாம்பரம் அந்த எல்லைக்கு வெளியே, செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. ஆகவே தாம்பரத்தில் எழுதி, தாம்பரம் மனையை மட்டும் தந்த உயிலுக்குப் புரொபேட் கட்டாயமில்லை. ஆனால் 1931-இல் மின்சார ரயில் வந்த பிறகு, மயிலாப்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் வீடு வைத்திருந்தவர்கள் குரோம்பேட்டை, சேலையூர் பக்கம் மனை வாங்கிப் போட்டார்கள். அவர்கள் உயிலுக்குப் புரொபேட் கேட்டால், நகரத்து வீட்டோடு புறநகர் மனையையும் பட்டியலில் காட்டி மதிப்புப் போடவேண்டும். தப்பு நேர்வது பெரும்பாலும் அங்கேதான்.

மதிப்பு எதற்கு? கோர்ட் கட்டணம் அதன் மேல்தான். 1870-ஆம் ஆண்டு கோர்ட் கட்டணச் சட்டத்தில் இதற்கு வழி இருந்தது. தவறினால் திருத்த வழி இல்லை. அந்தக் குறையை 1875-இல் தீர்த்தார்கள். அந்த ஆண்டு சேர்த்த பிரிவுகளின் சாரம் இதுதான்: அதிகக் கட்டணம் கட்டியிருந்தால், உண்மை மதிப்பு தெரிந்த ஆறு மாதத்துக்குள் பிரமாணத்தோடு புதுப் பட்டியல் கொடுத்து மிச்சத்தைத் திரும்பப் பெறலாம். இறந்தவரின் கடனை அடைத்ததால் சொத்து குறைந்தாலும் நிவாரணம் உண்டு, அதற்கு மூன்று ஆண்டு அவகாசம்.

குறைவாகக் கட்டியிருந்தால்தான் கடுமை. புரொபேட் தந்த ஓராண்டுக்குள் வந்தால் முறையான கட்டணத்தைப் போல் ஐந்து மடங்கு, அதற்குப் பின் இருபது மடங்கு அபராதம். ஆனால் அதே பிரிவிலேயே ஒரு கதவும் உண்டு. தவறு தெரிந்த ஆறு மாதத்துக்குள் தானே வந்து சொல்லி, அது அறியாமல் நேர்ந்தது, மோசடி எண்ணம் இல்லை என்று அதிகாரிக்குத் திருப்தியானால், அபராதத்தைத் தள்ளிவிடலாம். தெரிந்த பிறகும் ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆயிரம் ரூபாயும், குறைந்த தொகையில் பத்து சதவீதமும் தனித் தண்டம்.

1899-இல் கலெக்டரையும் உள்ளே கொண்டுவந்தார்கள். புரொபேட் மனு வந்ததும் கோர்ட் அவருக்குத் தகவல் அனுப்பும்; மதிப்பு குறைவென்று பட்டால் அவர் விசாரிக்கலாம். 1955-இல் நம் மாநிலம் தனக்கென கோர்ட் கட்டணச் சட்டம் இயற்றியபோதும் இந்த ஏற்பாட்டின் சாரம் தொடர்ந்தது. அந்தக் கடிதங்கள்தான் எங்கள் மேஜைக்கு வரும்.

1980-ஐ ஒட்டி என்று நினைக்கிறேன். எழுபது வயது அம்மா ஒருவர், மடித்த பத்திரத்தோடு எங்கள் பிரிவுக்கு வந்தார். கணவர் உயிலுக்குப் புரொபேட் வாங்கியாகிவிட்டது. பிறகு மகளுக்காக மனையை விற்கப் போனபோது, வாங்க வந்தவரின் வக்கீல் பத்திரத்தில் இரண்டு கிரவுண்டு, கோர்ட் பட்டியலில் இரண்டு சென்ட் என்று காட்டிவிட்டார். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி, ஒரு சென்ட் 435.6. அதாவது 4800 சதுர அடி மனை, பட்டியலில் 871 ஆகச் சுருங்கிவிட்டது. எழுதியவர் கைத்தவறு, கையெழுத்துப் போட்டவர் இந்த அம்மா.

"தம்பி, கோர்ட்டில் பொய் சொன்னவளாகிவிட்டேனா?" என்று கேட்டார். பணத்தைப் பற்றி முதலில் அவர் கேட்கவே இல்லை.

எங்கள் சூப்பரின்டெண்ட் அவரை உட்காரவைத்துச் சொன்னார்: "அம்மா, பெயரோ ஊரோ தப்பாக இருந்தால் 261-ஆம் பிரிவில் கோர்ட்டே திருத்தும். மதிப்பு தப்பு என்றால் உயிலுக்கு ஒன்றும் ஆகாது. குறைந்த கட்டணத்தைக் கட்டிவிட்டால் போதும். நீங்களாக வந்திருக்கிறீர்கள், அதுதான் முக்கியம்." புதுப் பட்டியல், பிரமாணம், பத்திர நகல் எல்லாம் சேர்த்து மேலே அனுப்பினோம். சில மாதங்களில் அபராதம் இல்லாமல் வித்தியாசத் தொகை மட்டும் கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. மனையும் விற்றது.

அதே காலத்தில் எஸ்டேட் டியூட்டி என்று இன்னொரு சுமையும் இருந்தது. 1953 அக்டோபர் 15-இல் வந்தது. 1985 மார்ச் 16 முதல் நேர்ந்த மரணங்களுக்கு இல்லாமல் போனது. அதன் கணக்கைக் காட்டிச் சான்று பெறாமல் புரொபேட்டே கிடைக்காது. அந்தச் சட்டத்திலும், பதிவிலேயே தெரியும் தவறை ஐந்து ஆண்டுக்குள் திருத்த ஒரு பிரிவு உண்டு.

ஆக, மதிப்புத் தவறு பயப்படவேண்டிய விஷயமல்ல, மறைத்தால்தான் பயம். 263-ஆம் பிரிவு, புரொபேட்டை ரத்து செய்யும் காரணங்களில் ஒன்றாக, முக்கியமான விஷயத்தில் உண்மையல்லாத சொத்துப் பட்டியலைத் தாக்கல் செய்வதைச் சொல்கிறது. புரொபேட் கிடைத்த ஆறு மாதத்துக்குள் அந்தப் பட்டியலைக் கொடுக்கவேண்டும். கொடுக்கும் முன்பே மூலப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். தாத்தா வாங்கிய விலையை எழுதாதீர்கள், சந்தை விலையை எழுதுங்கள். சென்ட்டா கிரவுண்டா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை பாருங்கள்.

நடைக்கு வந்த நண்பரிடம், தவறு தெரிந்த தேதியை இன்றே ஒரு தாளில் குறித்துவைத்துவிட்டு, நாளையே வக்கீலைப் பார்க்கச் சொன்னேன். நேற்று போய்விட்டு வந்ததாகச் சொன்னார். முகத்தில் தெளிவு இருந்தது.