கூர்க்கா வீரர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

2018-இல் டிரம்ப்-கிம் சந்திப்பு சிங்கப்பூரில் நடந்தபோது பாதுகாப்புக்கு நின்றவர்களில் கூர்க்காக்களும் இருந்தார்கள். தமிழ்ப் படம் பார்த்து, கூர்க்கான்னா ராத்திரி விசில் ஊதிக்கிட்டு வர்ற வாட்ச்மேன்னு நினைச்சிருந்தீங்களா? கதை வேறு.

பெயர் வந்தது நேப்பாளத்தின் கோர்க்கா என்ற மலை ஊரிலிருந்து. 1814 முதல் 1816 வரை கிழக்கிந்தியக் கம்பெனி நேப்பாளத்தோடு போரிட்டது. ஜெயித்தது கம்பெனிதான். ஆனால் எதிரியின் துணிச்சலைப் பார்த்து, போர் முடியும் முன்பே, 1815-இல், அவர்களையே படையில் சேர்க்க ஆரம்பித்துவிட்டது!

1857 கிளர்ச்சியில் கூர்க்காக்கள் பிரிட்டிஷ் பக்கம் நின்றார்கள். அதன்பின் 'போர்க்குணம் கொண்ட இனங்கள்' என்று சில சமூகங்களுக்கு முத்திரை குத்திய பிரிட்டிஷார், குருங், மகர், ராய், லிம்பு மக்களைத் தேடித் தேடி எடுத்தார்கள். வீரம் ரத்தத்திலேயே இருக்கு என்று சொல்வது பாராட்டு மாதிரி தெரியும். உண்மையில் அது ஆள்சேர்ப்புக்கு வசதியான கதை. மலைக்கிராமத்தில் வேறு வருமானம் இல்லாததைப் பற்றி அந்தக் கதை பேசாது.

குக்ரி கத்தியை உறையிலிருந்து எடுத்தால் ரத்தம் பார்க்காமல் வைக்கக்கூடாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது கட்டுக்கதை. விறகு வெட்டவும் சமைக்கவும்கூட அதே கத்திதான். "கோழையாய் வாழ்வதைவிடச் சாவதே மேல்" என்ற முழக்கம் மட்டும் நிஜம்.

தேர்வு? 'டோக்கோ' எனும் மூங்கில் கூடையில் 25 கிலோ மணல். கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு சுமார் 5 கிலோமீட்டர் மலையேறி ஓட வேண்டும். ஆயிரக்கணக்கானோர் வருவார்கள், சில நூறு பேர்தான் தேறுவார்கள்.

1947-இல் பத்து ரெஜிமெண்டுகள் பிரிக்கப்பட்டன: ஆறு இந்தியாவுக்கு, நான்கு பிரிட்டனுக்கு. பிரிட்டனுக்குப் போனவர்கள் மலாயா அவசரகாலத்தில் நம் காடுகளிலும் போரிட்டார்கள். ஆனால் 1997-க்கு முன் ஓய்வுபெற்ற கூர்க்காக்களுக்குப் பிரிட்டனில் குடியேறும் உரிமை கிடைத்தது 2009-இல்தான், அதுவும் பெரிய போராட்டத்துக்குப் பிறகு.

சிங்கப்பூர்க் காவல்துறையின் கூர்க்கா பிரிவு 1949-இல் தொடங்கியது. மவுண்ட் வெர்னன் முகாமில் குடும்பத்தோடு வசிக்கிறார்கள், பிள்ளைகள் இங்குள்ள பள்ளிகளில் படிக்கிறார்கள். அப்பா ஓய்வுபெற்றதும் குடும்பமே நேப்பாளம் திரும்ப வேண்டும், பிள்ளை பிறந்து வளர்ந்தது இங்கேயாக இருந்தாலும்.