ஓராண்டுக்குக் கையெழுத்திட்ட சபைகள்

சென்ற வாரம் இந்தத் தொடரை 1917இல் நிறுத்தியிருந்தோம். பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபொக்கோனியே கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனையை நட்ட ஆண்டு அது. இந்த வட்டாரத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்த நம் முன்னோரில் பலரை எதிர்கொண்டவர், ஆள்சேர்த்து வேலை வாங்கிய கங்காணி. அவர் கொடுத்த முன்பணமே கடனாகிக் கழுத்தை நெரித்தது. புது மண்ணில் கால் வைப்பவரை யார், எப்படி வரவேற்கிறார்கள் என்பது அவர் பிள்ளைகளின் வாழ்வையும் தீர்மானிக்கிறது. கடன் வைக்காமல் வரவேற்றவர்களை இந்த வாரம் பார்ப்போம்.

1975இல் சைகோன் வீழ்ந்தபின் வியட்நாமியர் படகேறித் தப்பினார்கள். 1978 ஆகஸ்டில் திரெங்கானுவுக்கு அப்பால் பூலாவ் பீடோங் தீவில் அகதி முகாம் திறக்கப்பட்டது. தீவின் பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர் அளவுதான். 4,500 பேருக்கான இடத்தில் 1979 நடுவில் ஏறத்தாழ 40,000 பேர் அடைந்து கிடந்தார்கள். மரத்தை வெட்டி, சாக்கை விரித்துக் குடிசை போட்டார்கள். குன்றின்மேல் தேவாலயமும் புத்தர் கோவிலும் எழுப்பினார்கள். மலேசியா தற்காலிகமாகத் தங்கவிட்டது. 1979இல் பல படகுகளைக் கடலுக்கே திருப்பியும் விட்டது. வேறொரு நாடு ஏற்றால்தான் விடிவு.

அந்த நேரத்தில் கனடாவின் புதிய குடிநுழைவுச் சட்டம் ஒரு வழி திறந்திருந்தது: அகதிகளுக்குக் குடிமக்களே பொறுப்பேற்கலாம். 1979 மார்ச் 5 அன்று மெனோனைட் கிறிஸ்தவச் சபைகளின் மத்தியக் குழு அப்படிப் பொறுப்பேற்கும் முதல் ஒப்பந்தத்தில் அரசோடு கையெழுத்திட்டது. அந்தச் சபையாரில் பலருடைய பெற்றோர் 1920களில் ரஷ்யாவிலிருந்து அடைக்கலம் தேடி வந்தவர்கள். பட்ட வலி அவர்களுக்கு மறக்கவில்லை. கத்தோலிக்க, லூத்தரன், ஆங்கிலிக்கன் சபைகளும் தொடர்ந்தன.

பொறுப்பு என்றால் என்ன? வீட்டு வாடகை, மளிகை, குளிருக்குக் கோட்டு, பிள்ளைக்குப் பள்ளி, காய்ச்சலுக்கு மருத்துவர், பஸ் ஏறக் கற்றுக்கொடுக்க ஓர் ஆள். ஓராண்டு, அல்லது குடும்பம் சொந்தக் காலில் நிற்கும்வரை. கிறிஸ்தவச் சபைகள் இப்படி ஏற்றுக்கொண்டவர்களில் பௌத்தர்களும் ஏராளம். 1979, 80 ஆண்டுகளில் கனடா ஏற்ற 60,000 இந்தோசீன அகதிகளில் பாதிக்கும் மேற்பட்டோரை இப்படிப்பட்ட குழுக்களே தாங்கின. 1986இல் ஐ.நா.வின் நான்சென் பதக்கம் கனடா மக்கள் அனைவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழரை அந்நாட்டு மீனவர்கள் காப்பாற்றினார்கள்.

பீடோங் 1991இல் மூடப்பட்டது. அகதிகள் வருவது நிற்கவில்லை. மியன்மாரின் ரொஹிங்கியா முஸ்லிம்களும் சின் கிறிஸ்தவர்களும் கிள்ளான் பள்ளத்தாக்கில் நிறைந்திருக்கிறார்கள். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. அதனால் சட்டப்படி வேலை செய்யும் உரிமையோ பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியோ இல்லாமல் ஆண்டுகள் ஓடின. 2017இல் 300 ரொஹிங்கியர்களைத் தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் அமர்த்த அரசு தொடங்கிய முன்னோட்டத் திட்டமும் எடுபடவில்லை. அந்தப் பிள்ளைகளுக்காகக் கடைவீட்டு மாடிகளில் வாடகைக்கு நடக்கும் கற்றல் மையங்களில் சிலவற்றைச் சபைகள் தாங்குகின்றன.

கனடாவைப் போன்ற சட்டம் இங்கில்லை. இருந்திருந்தால் நம் சபைகளும் கையெழுத்திட்டிருக்கும் என்றே நம்புகிறேன். அதைக் கேட்டுக் குரல் கொடுப்பது ஒரு வேலை. அதுவரை காத்திருக்காமல், கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்துச் சபையாரும் கோவில் நிர்வாகத்தினரும் ஒன்று செய்யலாம்: ஒரு கற்றல் மையத்தின் ஓராண்டு வாடகையை ஏற்றுக்கொள்ளுங்கள்.

(தொடரும்)