நிலமும் குற்றமும் : தாம்பரம் வட்டாரம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஒரு நாட்டின் பகுதிகள் யாவும் குற்றத்தில் ஒத்த அளவினவாய் இருப்பதில்லை. ஓரிடத்துக் களவு மிகுகின்றது. பிறிதோரிடத்துக் கொலை மிகுகின்றது. வேறோரிடத்து இரண்டும் அருகுகின்றன. இவ்வேறுபாடு நிலத்தின் நிலைமையால் அமைவதோ, மக்களின் பிறப்பால் அமைவதோ, அன்றி எண்ணுவோர் வகுக்கும் எல்லையால் அமைவதோ என்பது வரலாற்றாசிரியர்க்கும் இலக்கிய ஆராய்ச்சியாளர்க்கும் பொதுவானதொரு வினா. சென்னைக்குத் தெற்கே பல்லாவரம், தாம்பரம், பள்ளிக்கரணை முதலிய ஊர்களைக் கொண்ட வட்டாரத்தைச் சான்றாகக் கொண்டு அதனை ஈண்டு ஆராய்வாம்.

பழந்தமிழர் கருத்து

நிலத்தையும் ஒழுக்கத்தையும் இணைத்துக் காண்பது தமிழர்க்குப் புதிதன்று. ஆறலைத்தலும் சூறைகொள்ளலும் பாலைக்குரிய தொழில்கள் என்பர் அகப்பொருள் இலக்கண நூலார். ஆயின் பாலை தனக்கென நிலையான நிலம் உடையதன்று. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெடுங்காலத்து அவையே பாலையாகும் என்பது சிலப்பதிகாரக் காடுகாண் காதையால் அறியப்படும். மழை பெய்து வளம் மீளுமாயின் பாலை மீண்டும் முல்லையாகும். எனவே வழிப்பறி என்பது ஒரு நிலைமையின் விளைவேயன்றி ஒரு குடியின் மாறாத இயற்கை அன்று என்னும் கருத்து இதனுள் அடங்கியுள்ளது.

தாம்பரம் வட்டாரம் அடங்கிய தொண்டை நாட்டைப் பற்றியே மற்றொரு சான்றும் உளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில், தொண்டைமான் இளந்திரையனது காவல் மிக்க நாட்டில் வழிச்செல்வோரைத் தாக்கிப் பொருள் கவரும் கொடியோர் இலர் எனப் பாணனுக்கு உறுதி கூறுகின்றார். இது புரவலனைப் புகழும் மொழியே. எனினும் வழியின் ஏமத்தை ஆட்சியின் அளவுகோலாகப் புலவர் கொண்டமை கருதற்பாலது. வறட்சி குற்றத்தை வளர்க்கும், காவல் அதனைக் குறைக்கும் என்னும் இரண்டுமே பழந்தமிழர் கண்ட காரணங்களாம்.

ஈடு செய்தலும் எண்ணுதலும்

சோழர் காலத்தில் இவ்வட்டாரம் சயங்கொண்ட சோழ மண்டலத்துப் புலியூர்க் கோட்டத்தைச் சார்ந்திருந்தது. அக்காலக் கல்வெட்டுக்களில் பாடிகாவல் என்னும் வரி பயில வழங்குகின்றது. பிற்காலத்தில் ஊர்க்காவலை ஏற்ற காவற்காரர், விளைச்சலில் ஒரு பங்கைப் பெற்றுக் களவு போன பொருளை மீட்டுத்தரவோ அதற்கு ஈடு செய்யவோ கடமைப்பட்டிருந்தனர். ஆகவே அந்நாளில் களவு என்பது ஏட்டில் ஏறும் எண்ணாக இல்லை. காவற்காரர் தீர்க்கவேண்டிய கடனாக இருந்தது.

ஆர்க்காட்டு நவாபு 1763இல் செங்கற்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராக அளித்தார். அதன் கலெக்டராய் இருந்த லயனல் பிளேஸ் தமது 1799ஆம் ஆண்டு அறிக்கையில் காவற்காரரைப் பற்றியும் எழுதினார். 1816ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் ஊர்த்தலைவரையும் தலையாரியையும் அரசின் காவற் பணியாளராக்கிற்று. 1855இல் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தால் மாநிலம் முழுமைக்கும் ஒரே காவல்துறை அமைந்தது. இம்மாறுதலால் களவுகொடுத்தவன் பொருளுக்கு ஈடு பெறும் உரிமையை இழந்தான். அவனது இழப்பு ஆண்டறிக்கையில் ஓர் எண்ணாயிற்று. மாவட்டத்தோடு மாவட்டத்தை ஒப்பிடும் வழக்கம் இதன்பின் வலுப்பெற்றது.

மேலைநாட்டில் இவ்வாராய்ச்சி சற்று முந்தியே தொடங்கிற்று. பிரெஞ்சு நாட்டு அறிஞர் கெரி 1833இல் தம் நாட்டுப் பகுதிகளின் குற்ற அளவை நிலப்படங்களாக வரைந்து காட்டினார். தென்பகுதியில் உடலுக்கெதிரான குற்றமும் வடபகுதியில் உடைமைக்கெதிரான குற்றமும் மிக்கிருந்தன. கல்வியும் செல்வமும் மிக்க வடபகுதியில் களவு மிக்கிருந்தமை, அறியாமையே குற்றத்தின் வேர் என எண்ணியிருந்தோரை வியப்பில் ஆழ்த்திற்று. பெல்சிய நாட்டுக் கெத்லே என்பார், வெளிப்பட்ட குற்றங்களை மட்டுமே நாம் எண்ணுகின்றோம், வெளிப்படாதவற்றின் தொகை அறியப்படாதது என 1835இல் எச்சரித்தார்.

பிறப்பின்மேல் ஏற்றிய குற்றம்

இவ்வெச்சரிக்கையை இந்தியாவில் ஆண்டோர் மதித்திலர். 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் குற்றத்தைப் பிறப்பின்மேல் ஏற்றிற்று. 1911இல் அச்சட்டம் திருத்தி இயற்றப்பெற்றபோது சென்னை மாகாணமும் அதன் வரம்பினுள் வந்தது. மதுரையின் மேற்கே வாழ்ந்த கள்ளர் மக்கள், பெயர்ப்பதிவுக்கும் கைரேகைக்கும் உடன்படாது எதிர்த்தபோது 1920 ஏப்பிரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து 16 பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947இலும் இந்தியா முழுமைக்கும் 1952இலும் இச்சட்டம் ஒழிக்கப்பெற்றது. நிலைமையைப் பிறப்பாகப் பிறழ உணர்ந்த ஒரு கணக்கு எத்துணைக் கொடுமைக்கு இடனாகும் என்பதற்கு இது போதிய சான்றாம்.

எல்லை மாறும் தாம்பரம்

இனி நம் காலத்துத் தாம்பரத்தை நோக்குவாம். கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை 1931இல் மின்தொடர்வண்டி ஓடத்தொடங்கிற்று. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இங்குப் பெயர்ந்து வந்தது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்னும் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. காவல் எல்லையோ மும்முறை மாறியது. 2008இல் சென்னைப் புறநகர்க் காவல் ஆணையகம் நிறுவப்பெற்றது; 2011இல் அது மாநகரக் காவலோடு இணைக்கப்பெற்றது; 2022 சனவரி 1ஆம் நாள் தாம்பரம் தனி ஆணையகமாகப் பிரிந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குள் ஒரே தெருவின் களவு வெவ்வேறு கணக்கேடுகளில் ஏறிற்று. அத்தெருவில் வாழ்வோர் மாறாதிருப்பினும், ஓராண்டு ‘சென்னையில் குற்றம் மிகுந்தது’ எனவும் மற்றோராண்டு ‘குறைந்தது’ எனவும் தோன்றுதல் இயல்பே.

எல்லை மாற்றமேயன்றி வேறு சிக்கல்களும் உள. பள்ளிக்கரணை ஊராட்சி வகையால் சென்னை மாநகராட்சியைச் சார்ந்திருந்தும், 2022இல் காவல் வகையால் தாம்பரத்தோடு சேர்க்கப்பெற்றது. தாம்பரம் நிலையத்து நடைமேடையில் நிகழும் பணப்பை களவோ இருப்புப்பாதைக் காவல்துறையின் தனிக்கணக்கில் சேரும்.

குற்ற வீதம் என்பது ஓர் இலட்சம் மக்களுக்கு இத்தனை வழக்கு என வகுத்துக் காண்பது. 1986இல் நிறுவப்பெற்ற தேசியக் குற்ற ஆவணக் காப்பகம், பெருநகரங்களின் வீதத்தை வகுக்க 2011ஆம் ஆண்டு மக்கள்தொகையையே நெடுங்காலம் கொண்டுவந்துள்ளது. அவ்வாண்டில் தாம்பரம் நகராட்சியின் மக்கள்தொகை 1,74,787; பல்லாவரத்தின் தொகை 2,15,417. அதன்பின் புறநகர் பெரிதும் வளர்ந்தது. வகுக்கும் எண் பழையதாக, வகுபடும் எண் ஆண்டுதோறும் புதியதாக இருப்பின் வீதம் மிகையாகத் தோன்றும். மேலும் ஒரு வழக்கில் பல குற்றங்கள் அடங்கினும் அவற்றுள் தலையாயது ஒன்றே எண்ணப்படும். குற்றம் மிகுதலும் பதிவு மிகுதலும் ஒன்றல்ல என்பதை அக்காப்பகமே வலியுறுத்துகின்றது. முறையீட்டை மறுக்காது பதியும் நிலையம் குற்றம் மலிந்ததாகவும், மக்களைத் திருப்பியனுப்பும் நிலையம் அமைதி மிக்கதாகவும் ஏட்டில் தோன்றக்கூடும்.

கண்ணகி நகர்

இக்கணக்குப் பிழை ஏட்டளவில் நிற்பதன்று. நகர நடுவிலும் நீர்நிலைக் கரைகளிலும் வாழ்ந்த ஏழை மக்களைக் குடிசை மாற்று வாரியம் 2000ஆம் ஆண்டு முதல் ஒக்கியம் துரைப்பாக்கத்துக் கண்ணகி நகரிலும், பின்னர்ச் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியேற்றிற்று. பழைய தொழிலிடங்கள் தொலைவாயின. பள்ளியும் மருத்துவமும் போதிய அளவில் உடன் வரவில்லை. முல்லை பாலையான நிலை இதுவே. ‘குற்றம் மலிந்த இடம்’ என்னும் பெயரும் சேர, தம் முகவரியைக் கூறிய அளவில் இளைஞர் வேலை மறுக்கப்படுதலை ஆய்வாளர் பலர் பதிவு செய்துள்ளனர்.

அந்நகரின் பெயர்க்குரியாள் கதையை நாம் அறிவோம். கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றம் கள்வனது அன்று என ஐயுற்றனர். பொற்கொல்லனோ, கள்வர்க்குத் துணையாவன இவை என எட்டனை எடுத்துரைத்து அவ்வையத்தைப் போக்கினான். அவ்வெட்டனுள் இடமும் ஒன்று. அவன் கூறியது கள்வரைப் பற்றிய பொதுமை, கொலையுண்டவன் தனியொருவன். சிலம்பை உடைத்துப் பரலைக் காட்டிக் கண்ணகி வழக்கை வென்றது, பொதுமையைத் தனிச்சான்று வென்றதாம்.

இதுகாறும் கூறியவற்றால், வட்டாரந்தோறும் குற்றம் வேறுபடுதல் உண்மையே எனினும், அவ்வேறுபாட்டை மக்களின் இயல்பாகக் கொள்ளுமுன் நிலைமை, காவல், பதிவு, எல்லை ஆகிய நான்கையும் ஆராய்தல் வேண்டும் என்பது போதரும். கொலையும், ஈட்டுறுதிப் பணம் பெறப் பதிவு இன்றியமையாத ஊர்திக் களவும் எளிதில் மறையாதன ஆதலின் ஒப்பீட்டுக்கு ஏற்றவை. நிலையவாரியாக எல்லை மாற்றங்களைத் தொகுத்து, அவ்விரண்டையும் ஒரே பரப்பில் வைத்து ஒப்பிடுதல் இத்துறையில் புகும் மாணவர் முதற்கண் செய்யத்தக்க பணியாகும்.