சிறு டீசல்-மின் நீர்மூழ்கிகள்: ஆழம் குறைந்த கடலுக்கான வடிவமைப்பு

கரையோரக் கடல், வளைகுடா, தீவுகளுக்கு இடைப்பட்ட நீர்ப்பரப்பு ஆகியவற்றில் இயங்கும் சிறு நீர்மூழ்கிகளின் எடை சில நூறு டன் முதல் ஏறத்தாழ 2,000 டன் வரை இருக்கும். டீசல் எஞ்சின் மின்னாக்கியைச் சுழற்றிப் பேட்டரியை நிரப்பும். மூழ்கியபின் அந்த மின்சாரத்தால் மோட்டார் ஓடும். உடலின் அளவு, பேட்டரியின் கொள்ளளவு, ஒலியடக்கம் ஆகிய மூன்றையும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டுவதே இவ்வடிவமைப்பின் சாரம்.

உடல்

பெரிஸ்கோப் மட்டத்தில் ஓடும்போது அடிப்பாகத்துக்குக் கீழேயும் போதிய நீர் வேண்டும். பாக் நீரிணையின் பெரும்பகுதியில் ஆழம் 15 மீட்டரைக் கூட எட்டாது. பெரிய நீர்மூழ்கி அங்கே மூழ்கி ஓட முடியாது. பால்டிக் கடலை மனத்தில் கொண்டு ஜெர்மனி கட்டிய 206 வகை 48.6 மீட்டர் நீளமும், மூழ்கிய நிலையில் ஏறத்தாழ 500 டன் எடையும் உடையது. ஆழமில்லாத நீரில் கண்ணிவெடிகளே பெரிய ஆபத்து என்பதால் அதன் உடல் காந்தத்தன்மையற்ற எஃகால் ஆனது. முந்தைய 201 வகையில் அத்தகைய எஃகு அரித்து வெடிப்பு கண்டது. மேம்பட்ட கலவை கிடைத்த பிறகே 206 வகை உருவானது.

தரையில் அமர்ந்து காத்திருப்பதும் இக்கலங்களின் உத்தி. அதனால் கடல்நீரை உள்ளிழுக்கும் துளைகள் சேறு புகாத உயரத்தில் இருக்க வேண்டும். பின்னாளில் வந்த 212 வகையில் சுக்கான்கள் பெருக்கல் குறி வடிவில் அமைந்திருப்பதால் அவை தரையில் இடிபடும் வாய்ப்பு குறைவு.

பேட்டரியும் மூச்சும்

ஈய-அமில பேட்டரி மெதுவாக ஓடினால் சில நாட்கள் தாங்கும். முழு வேகத்தில் சில மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். மீண்டும் நிரப்ப, காற்றுக்குழாயை நீருக்கு மேலே நீட்டி டீசலை ஓட்ட வேண்டும். எதிரியின் ராடாருக்குக் கலம் அகப்படும் நேரம் அதுதான். காற்றின்றி மின்சாரம் தரும் எரிபொருள் கலம் இந்தக் குறையைப் போக்கும். மும்பை அருகே அம்பர்நாத்திலுள்ள கடற்படைப் பொருள்கள் ஆய்வகம் உருவாக்கிய அத்தகைய அமைப்பு, 2021 மார்ச்சில் தரைச் சோதனையில் தேறியது.

ஒலியும் பீங்கானும்

ஆழமற்ற கடலில் ஒலி மேற்பரப்புக்கும் தரைக்கும் இடையே பலமுறை எதிரொலிக்கும். அந்தக் குழப்பத்தில் சிறு கலம் ஒளிந்துகொள்ளலாம்; தான் எதிரியைக் கேட்பதும் அதே அளவு கடினம். எனவே சோனார் கருவியின் கூர்மை உயிர்நாடி. அதன் உணரிகளில் ஈய சிர்கோனேட் டைட்டனேட் என்னும் செராமிக் பயன்படுகிறது. அழுத்தத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் தருவதும், மின்னழுத்தத்துக்கு ஏற்ப அதிர்வதும் அதன் இயல்பு. பொடியாக்கி, அச்சில் அழுத்தி, சூளையில் சுட்ட பிறகு, உயர் மின்புலத்தில் வைத்து அதற்கு அந்த இயல்பை ஊட்டுகிறார்கள்.

செராமிக் தொழிற்பேட்டையும் அத்துறையைக் கற்பிக்கும் அரசு பயிலகமும் கொண்ட விருத்தாசலத்தில், கடைசிப் படியைத் தவிர மற்றவை அன்றாடத் தொழிலறிவு. பொம்மையும் அகல் விளக்கும் சுடும் ஊரின் இளைஞர்கள் இந்த உயர்நுட்பப் பீங்கானையும் பயில வேண்டியது அவசியம்.

இந்தியாவில்

இந்தியாவில் கட்டப்பட்ட முதல் நீர்மூழ்கியான ஐஎன்எஸ் சால்கி, மும்பை மசகான் தளத்தில் உருவாகி 1992 பிப்ரவரி 7 அன்று பணியில் சேர்ந்தது. ஜெர்மன் வடிவமைப்பான 209/1500 வகையைச் சேர்ந்த அதன் நீளம் 64.4 மீட்டர். 40 பேர் ஏறித் தப்பக்கூடிய மீட்புக்கோளம் இவ்வகையின் சிறப்பு. அடுத்த தலைமுறையான ஐஎன்எஸ் கல்வரி 67.5 மீட்டர் நீளமுடையது. 2017 டிசம்பர் 14 அன்று சேவைக்கு வந்தது. இவ்வகையின் ஆறாவது கலமான வாக்‌ஷீர் 2025 ஜனவரி 15 அன்று இணைந்தது. நீருக்கடியில் இருக்கும் கலங்களுக்குத் தாழ் அதிர்வெண் அலைகளில் செய்தி அனுப்பும் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம், 1990 முதல் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் இயங்குகிறது.