கண்வலிக்கிழங்கும் ஹார்மோனும்

சேலம், நாமக்கல் பக்கம் மழைக்காலத்தில் வேலியோரம் படரும் செங்காந்தள் பலருக்கும் தெரிந்த பூ. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் முதலில் வருவது. இன்று மாநில மலர். அதன் அடியில் கலப்பை போலக் கிடப்பதுதான் கண்வலிக்கிழங்கு. அதிலுள்ள நஞ்சின் பெயர் கோல்ச்சிசின்.

இதே பொருளை 1820-இல் பிரான்சில் பெல்லத்தியே, கவந்து இருவரும் ஓர் ஐரோப்பியச் செடியிலிருந்து பிரித்தெடுத்தார்கள். கவுட் எனும் மூட்டு நோய்க்கு அது மருந்தானது. ஆனால் செல்லுக்குள் அது எதைப் பிடிக்கிறது? 1967-இல் அமெரிக்காவில் போரிசி, டெய்லர் இருவரும் விடை கண்டார்கள். அது ஒட்டுவது டியூபுலின் என்ற புரதத்தில். செல்லின் நுண்குழாய்கள் இந்தப் புரதத்தால் ஆனவை. கோல்ச்சிசின் ஒட்டினால் அவை கலைந்துவிடும்.

இனி ஹார்மோனுக்கு வருவோம். அட்ரீனலின் செல்லுக்குள் நுழைவதில்லை. வெளிப்பரப்பிலுள்ள ஏற்பியில் அமர்கிறது. உடனே உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற தூதுப்பொருள் உருவாகிறது. 1977-இல் ருடால்ஃப், கிரீன்கார்டு, மலவிஸ்டா மூவரும் மனித வெள்ளணுக்களில் கோல்ச்சிசினைச் சேர்த்துப் பார்த்தார்கள். அட்ரீனலின் போன்ற மருந்துக்கு அந்தத் தூது இன்னும் அதிகமாகவே வந்தது!

அப்படியென்றால் ஏற்பி தனியாக இயங்கவில்லை. உள்ளேயிருக்கும் நுண்குழாய்களும் அதன் வேலைக்குக் கடிவாளம் போடுகின்றன என்று தோன்றியது.

நுண்குழாய் இல்லாத செல்வகை உடலில் அரிது. கிழங்கைத் தெரியாமல் தின்றவரின் உடலில் பல உறுப்புகளும் ஒருசேரச் சீர்குலைவது அதனால்தான். அதற்கு நடைமுறையில் முறிமருந்தும் கிடையாது. விதையை மருந்துக்காக விற்கும் உழவர் வீட்டில், விதைக்கிழங்கைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.